பெரியவள் வீட்டு வாசற்படி

காவாந்தண்டலத்தில் ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள் சடையப்பனும் தம்பி தினகரனும். சடையப்பன் மனைவி ஆதிலட்சுமிக்கு மூத்த மருமகள் என்பதில் ஒரு பெருமை உண்டு. அந்தக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்குப் படைக்க வேண்டும். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த மாமியாரை ஏரிக்கரையிலிருந்து கரகத்தில் அழைத்துவந்து, சேலை வைத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கரகம் எப்போதும் பெரியவள் வாசலில்தான் நுழையும்.

போன ஆடியில்தான் அவள் வயிறு எரிய ஆரம்பித்தது. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை. கொத்தனார்கள் சும்மா இருப்பார்கள், கூலியைக் குறைத்துப் பேசலாம். அதனால் தினகரன் மனைவி இளவரசி ஆனிக் கடைசியிலேயே ஒரு கல்லைப் பெயர்த்து வேலையைத் தொடங்கிவைத்துவிட்டாள். பழைய தரையைப் புருஷனும் பெண்டாட்டியுமே கொத்தி எடுத்தார்கள். அந்த இடிசல் மாட்டுக்கொட்டகைப் பள்ளத்தை நிரப்பியது. காஞ்சிபுரத்தில் இடித்த வீட்டின் தேக்கு ஜன்னல் வந்தது. உத்திரமேரூர்க் கடையில் யார் யாருக்கோ போட்டு மிஞ்சிய டைல்ஸ் மூன்று நிறத்தில் வந்தது. அதைக் கோலம் மாதிரி மாற்றி மாற்றிப் பதித்ததில், பார்த்தவர்கள் எல்லாம் "இந்த டிசைன எங்க புடிச்ச?" என்று கேட்டார்கள்.

ஆதிலட்சுமியும் போய்ப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. வழுக்கும், பாத்து நட" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

தை மாதம் இளவரசியின் மகன் தினேஷ்குமாருக்குப் பெண் நிச்சயமானது. "படையல் இந்த வாட்டி புதுத் தரையிலதானே?" என்று தெருவில் யாரோ கேட்டதற்கு இளவரசி சிரித்தாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு ஆதிலட்சுமியைத் தூங்கவிடவில்லை. மறுநாளே சின்னப்பையன் மேஸ்திரியை வரவழைத்தாள்.

"தரைய கொத்தி எடுக்கவே கூலி ஏறிடும் பெரியக்கா. சின்னக்கா மாதிரி நீங்களே கொத்திக்கினா மிச்சம்" என்றான் அவன்.

"அவ மாதிரி நான் இன்னாத்துக்குக் கடப்பாரை புடிக்கணும்? பழைய தரை மேலயே ஒட்டு. கொத்துற கூலியே மிச்சம். அவளுக்கு வந்துச்சா இந்த ரோசனை?"

"தரை ஏறிக்கும்க்கா. வாசப்படி முயுகிடும்."

"ஏறட்டும். பெரியவ வூடு ஒசரமாத்தான் இருக்கணும்."

சடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருய்யா" என்று அடக்கிவிட்டாள். கதவின் அடியை அறுத்தார்கள். வெள்ளை டைல்ஸ் வாசற்படியையும் மூடிக்கொண்டு பளபளவென்று வெளியே ஓடியது. ஒரு வாரம் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாழ்ந்து கிடக்கும் பக்கத்து வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படையலன்று சாலவாக்கத்திலிருந்து நாத்தனார் இளமதி வந்தாள். கரகம் எடுப்பவள் அவள்தான். "அம்மா எப்பவும் வர்ற வாசலுக்குத்தான் வருவா. பெரிய அண்ணி வூட்லயே படைப்போம்" என்றாள். ஆதிலட்சுமி ஆசையோடு ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். அது வாடவில்லை. "எங்க வெச்சா இன்னா, எல்லாம் நம்ம வூடுதானே" என்றாள் இளவரசி. ஜெயித்த சந்தோஷம் பாதியாகிவிட்டது.

ஏரித் தண்ணீர் தளும்பும் கரகத்தோடு, பம்பை முன்னால் அதிர, பெண்கள் கூட்டம் திரும்பி வந்தது. வாசலில் இளமதி நின்றாள்.

"படி எங்க அண்ணி?"

"டைல்ஸுக்குக் கீய கீது."

"படிக்கு மஞ்சா தடவி, கற்பூரம் ஏத்தி, தாண்டித்தானே அம்மா உள்ள வரணும்? இதுல எத்தத் தாண்டுவா?"

"தரையோட தரையா படியையும் மிச்சம் புடிச்சிட்டா போல!" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

கரகத்தைக் கீழே வைக்கக் கூடாது. இளமதி மெல்லப் பக்கத்து வாசலைப் பார்த்தாள். கல்யாண வீடு என்று காலையிலேயே மஞ்சள் பூசிய படி அங்கே எடுப்பாகத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"நில்லுடி!" என்று கத்திய ஆதிலட்சுமி பின்கட்டுக்கு ஓடிக் கடப்பாரையோடு வந்தாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியை மூடியிருந்த டைல்ஸின் மேல் ஓங்கிப் போட்டாள். சில்லு தெறித்தது. பம்பைக்காரர் பத்தடி தள்ளிப் போனார்.

இளவரசி ஒரு தோசைக்கரண்டியோடு ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள். "இருக்கா, இருக்கா. ஓரத்துல உட்டு நெம்பு. முழுசா வரும், அப்பால ஒட்டிக்கலாம். ஏன் வீணாக்குற?" தோசைக்கரண்டியை விட்டு ஒன்றை அவளே நெம்பினாள். ஒரு கீறல் இல்லாமல் முழு டைல்ஸாக வந்தது.

"பாத்தியா, எம்மாந் தெறமை!" என்றார்கள் பெண்கள்.

"ஒண்ணும் வேணாம், வுடு!" என்ற ஆதிலட்சுமி, நெம்பினால் வந்திருக்கக்கூடிய அடுத்த இரண்டையும் ஒரே போடில் நொறுக்கினாள்.

படி தெரிந்தது. சிமெண்ட்டைத் துடைத்துவிட்டு மஞ்சள் பூசினார்கள். கற்பூரம் எரிந்தது. கரகம் பெரியவள் வாசலைத் தாண்டி உள்ளே போனது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். ஆதிலட்சுமி மட்டும், இளவரசி துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்த முழு டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.