ஏப்ரல் மாதத்து மதிப்பெண்கள்

என்னுடைய பி.எஸ்ஸி. மதிப்பெண் பட்டியல் முப்பது வருஷமாக பீரோவின் அடித்தட்டில், விரித்த செய்தித்தாளுக்கும் கீழே, கல்யாணப் பட்டு வேட்டியின் பாரத்தில் கிடந்தது. திருடன் வந்தால் நகையை எடுத்துக்கொண்டு போகட்டும், இது மட்டும் அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பது என் பிரார்த்தனை. அதில் இருப்பது நாற்பத்து மூன்று சதவீதம். வெளியே நான் சொல்லிவந்தது 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'. பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் வாய்தவறிச் சொன்னேன். மாமனார் அதை நம்பியபடியே கண்ணை மூடினார். பிறகு கோர்ட் வராந்தாவில், பார் அசோசியேஷன் ஆண்டுவிழாவில், ஒரு பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு மேடையில் என்று அந்தப் பொய் என்னைவிட நன்றாக வளர்ந்தது. சட்டப் பட்டத்தை மட்டும் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தேன். பட்டத்தில் மார்க் அச்சடிக்க மாட்டார்கள் என்பது பல்கலைக்கழகங்கள் மனிதகுலத்துக்குச் செய்த பெரிய உபகாரம்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் சென்னையிலிருந்து ஒரு பெரிய சட்ட நிறுவனம், எங்கள் பக்கத்து மாணவர்களைச் சலித்து இரண்டு பேரைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பைக் கொடுத்தது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காடுகளில் காற்றாலைக்காரர்களும் சோலார்காரர்களும் நிலம் வாங்க வந்த பிறகு, சங்கரன்கோவில் வக்கீல்களுக்குத் திடீரென்று மரியாதை கூடியிருந்தது. பத்திரம் பார்த்து, சொத்தில் வில்லங்கம் உண்டா இல்லையா என்று ஒப்பீனியன் எழுதும் வேலை. அந்த நிறுவனத்துக்கு நான் உள்ளூர் ஆள். அவர்கள் அனுப்பிய படிவத்தின் தலையில் ஒரு விதி இருந்தது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, இளங்கலை எதிலும் அறுபதுக்குக் குறைந்தால் பரிசீலிக்க வேண்டியதில்லை. நானாக இருந்தால் வாசலிலேயே நின்றிருப்பேன். அந்த நினைப்பு எனக்கு வரவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரிகள் எழுத வேண்டிய பச்சை மையில் எழுதும் சபலம் எனக்கு உண்டு. அந்தப் பச்சைப் பேனாவைத் திறந்து பட்டியலை முன்னால் இழுத்துக்கொண்டபோது, நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

பட்டியலில் மூன்றாவதாக எங்கள் ஜூனியர் இருந்தாள். அப்போது அவள் ஜூனியர்கூட இல்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்குப் போய்வந்த கடைசி வருஷ மாணவி. சனிக்கிழமைதோறும் என் அலுவலகத்துக்கு வந்து பழைய கட்டுகளைப் பிரித்துப் படிப்பாள். ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்தால் 'சுபமஸ்து'வில் ஆரம்பித்து, எழுதியவர் கையெழுத்து, ஸ்டாம்பு வெண்டரின் முத்திரை, பின்பக்கத்துப் பதிவுக் குறிப்பு வரை போய்விட்டுத்தான் கீழே வைப்பாள். நடுவில் டீ வந்தால் ஆறிப்போகும். எங்கள் குமாஸ்தா அண்ணாச்சிக்கு அதில் குறை. "ஏட்டி, பத்திரம் எங்கனயும் ஓடிப்போவாது, டீதான் ஆறும்" என்பார். அவள் வேலையை இரண்டு வருஷம் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது அவள் பெயருக்கு நேரே இருந்த ஒரு எண்ணை மட்டும்தான். பி.எஸ்ஸி. கணிதம், ஐம்பத்தைந்து. பச்சை மையால் ஒரு கோடு. அழகான கோடு, ஸ்கேல் வைத்தே போட்டேன். நாற்பத்து மூன்று ஐம்பத்தைந்தை அடித்தது.

அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சென்னையில முடிவு பண்ணிட்டாங்கம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்." அந்த வேலை அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சென்னையில் வேலை கிடைத்தால் பேச்சைத் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் தை மாதம் என்று கெடு வைத்திருந்தார்கள். "சரி சார்" என்றாள். "அப்பம் நான் இங்கனயே ஜூனியரா வாரேன். கோர்ட்டுக்குப் போறவளுக்கு வீட்ல கெடு வைக்க மாட்டாங்க, பயப்படுவாங்க." குற்ற உணர்ச்சிக்கு நான் கொடுத்த விலை ஒரு மேஜையும் ஒரு ஃபேனும். அந்த ஃபேனும் கரகரவென்று சத்தம் போடுவது.

நான் அனுப்பிய இருவரில் ஒருவனுக்கு எண்பத்திரண்டு சதவீதம். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. சென்னையில் சேர்ந்து அவன் பார்த்த முதல் கோப்பே எங்கள் பக்கத்து நிலம்தான்: திருவேங்கடம் பக்கம் சோலார் தகடு போட நாற்பது ஏக்கர். அவன் எழுதிய ஒப்பீனியன் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா சுத்தம், சொத்தில் குறையேதும் இல்லை. உள்ளூர் வக்கீல் என்ற முறையில் நான் ஒரு கையெழுத்து மட்டும் போட வேண்டும். பச்சை மையில் போடவும் போய்விட்டேன். ஜூனியர்தான், "ஒரு நிமிஷம் சார், தாய்ப் பத்திரத்தையும் பாத்துருதேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். ஒரு நிமிஷம் மத்தியானம் வரை போயிற்று.

"சார், இவுக மொதப் பக்கத்தயும் கடைசிப் பக்கத்தயும் பாத்திருக்காக. ஏழாம் பக்கத்துல ஒரு வரி கெடக்கு."

அந்த நிலத்தில் ஒரு கிணறு. அதில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் இறைக்கும் பாத்தியம் வடக்குப் புஞ்சைக்காரருக்கு உண்டு என்று அந்தக் காலத்துக் கூட்டெழுத்தில், இரண்டு நீண்ட வாக்கியங்களுக்கு நடுவில் எழுதியிருந்தது. இந்த மாதிரி பாத்தியமெல்லாம் வில்லங்கச் சான்றில் வராது. பத்திரத்தைப் படித்தால்தான் வரும். கம்பெனிக்காரர்களோ கிணற்றை மூடித் தகடு பரப்ப வரைபடமே போட்டுவிட்டார்கள். அவள் மறுநாள் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய்ப் பார்த்தாள். வடக்குப் புஞ்சைக்காரரின் மகன் இன்றைக்கும் அந்தக் கிணற்றில்தான் மோட்டார் போட்டுப் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவள் எழுதிய குறிப்பைச் சென்னைக்கு அனுப்பினேன். கிணறு தப்பியது, கம்பெனி ஒரு நெடுநாள் வழக்கிலிருந்து தப்பியது, நிறுவனத்தின் பெயர் தப்பியது. ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. யாருக்கு? கோப்பு யார் பெயரில் இருந்ததோ அவருக்கு. எண்பத்திரண்டுக்கு. அந்தப் பையனே வெட்கப்பட்டு எனக்கு ஃபோன் செய்தான்.

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. தாமதமாக வந்தாலும் ரோஷம் ரோஷம்தான். இவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சென்னைக்கு எழுதுவதற்காக அவளுடைய சான்றிதழ்க் கட்டை வாங்கி, பி.எஸ்ஸி.யின் ஆறு செமஸ்டர் பட்டியலையும் வரிசையாக மேஜையில் பரப்பினேன். நவம்பரில் எழுபது. ஏப்ரலில் நாற்பத்தொன்று. மறு நவம்பரில் அறுபத்தொன்பது. மறு ஏப்ரலில் நாற்பது. மூன்றாவது வருஷமும் அதே ஏற்றம், அதே இறக்கம். அதே பெண், அதே கல்லூரி, அதே கணக்கு.

"ஏப்ரல்ல என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"மல்லி சீசன் சார்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "விடியக் காலம் மூணு மணிக்கு மொட்டு எடுக்கப் போவணும். எடுத்து, மார்க்கெட்ல எடை போட்டுட்டு, அப்படியே பஸ் ஏறி பரீச்சைக்குப் போவேன். கேள்வித்தாள்ல பாதி முடிக்கதுக்குள்ள கண்ணு சொக்கிரும். நவம்பர்ல பூ கம்மி."

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டைத் தாண்டித்தான் நான் தினமும் கோர்ட்டுக்குப் போகிறேன். சித்திரை வெயில் ஏற ஏற மல்லி குவியும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பல்கலைக்கழகமும் மல்லியும் ஒரே மாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுடைய மதிப்பெண் பட்டியலும் ஒரு பத்திரம்தான். அதிலும் ஏழாம் பக்கம் இருந்தது. பத்திரம் படித்துச் சாப்பிடுகிற நான், கடைசி வரியில் இருந்த கூட்டுத்தொகையைப் படித்துவிட்டுக் கோடு போட்டிருக்கிறேன்.

சென்னையில் ஆள் எடுக்கும் பிரிவின் அம்மணியிடம் ஃபோனில் இதையெல்லாம் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன், மல்லியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சார், நீங்க சொல்றது ரொம்ப இன்ஸ்பயரிங்கா இருக்கு. ஆனா அறுபதுக்குக் கீழ போட்டா சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது. கட்டம் சிவப்பாயிடுது." நான் என்ன சொன்னாலும் அந்தக் கட்டம் சிவப்பாகிக்கொண்டே இருந்தது. ஃபோனை வைத்ததும் குமாஸ்தா அண்ணாச்சி ஆறுதல் சொன்னார்: "விடுங்க சார். நம்ம கோயில் புத்துமண்ணப் பூசினா சொறி சிரங்கு போவும். மார்க்கு போவாது."

மார்க்கே வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நானில்லை. எண்பத்திரண்டு வாங்கியவன் அதைத் திருடி வாங்கவில்லை, உட்கார்ந்து படித்துத்தான் வாங்கினான். ஆயிரம் விண்ணப்பம் வந்தால் சல்லடை இல்லாமல் முடியாது என்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் இவர்கள் யார்? ஒரு காற்புள்ளி இடம் மாறினால் உச்சநீதிமன்றம் வரை போகிறவர்கள். 'மற்றும்' என்று இருக்கிறதா 'அல்லது' என்று இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஆள் வைத்திருப்பவர்கள். கட்சிக்காரன் பத்திரத்தை வரிவரியாகப் படிப்போம் என்பதுதான் இவர்கள் தொழிலே. வேலை கேட்டு வருகிற பிள்ளையின் மூன்று வருஷத்தை மட்டும் ஒரு எண்ணாக்கி, அதையும் கம்ப்யூட்டரை விட்டுப் படிக்கச் சொல்லுகிறார்கள். பத்தொன்பது வயதில் ஒரு காலைப்பொழுதில் ஒருத்தி பரீச்சை மண்டபத்து நாற்காலிக்கு எங்கேயிருந்து வந்து சேர்ந்தாள் என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து வேலை பார்த்தவளை, உழைப்புக்கு அத்தாட்சி போதவில்லை என்று நிராகரிக்கிற அறிவை எந்தப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கிறார்கள்? அங்கே எத்தனை சதவீதம் வேண்டும்?

அவள் சென்னைக்குப் போகவே இல்லை. மூன்று வருஷம் என்னிடம் இருந்துவிட்டு, இப்போது கோர்ட்டுக்கு எதிரே மாடியில் தனி போர்டு போட்டிருக்கிறாள். சிவகிரியிலிருந்தெல்லாம் பழைய பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு ஆட்கள் படியேறுகிறார்கள். எண்பத்திரண்டு அந்த நிறுவனத்தில் பெரிய ஆளாகிவிட்டான். கூட்டெழுத்துப் பத்திரம் வந்தால் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று அவளைத்தான் கேட்கிறான். அந்த நிறுவனத்தின் படிவம் போன மாதமும் எனக்கு வந்தது. அறுபது அப்படியே இருந்தது. பச்சைப் பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பட்டு வேட்டியைத் தூக்கி, செய்தித்தாளைக் கிழித்து, என் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அவள் அலுவலக மாடியேறினேன். குமாஸ்தா அண்ணாச்சியும் பின்னாலேயே வந்தார். இப்படிப்பட்ட சமயங்களில் அவருக்கு முழங்கால் வலிக்காது.

பட்டியலை அவள் முன்னால் வைத்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் பொய் என்றேன். சென்னைக்காரர்கள் அல்ல, நான்தான் உன் பெயரை அடித்தேன் என்றும் சொன்னேன். ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன், ஆனாலும் வரிசை மாறிவிட்டது.

"அது தெரியும் சார்" என்றாள். "நீங்க எங்கிட்ட சொன்னதுக்கு முந்தின சனிக்கிழமையே அந்தப் பட்டியல நான்தான் ஃபைல்ல கோத்தேன். பச்ச மையில எழுதுத வக்கீல் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான."

"அப்பம் ஏம்மா எங்கிட்டயே ஜூனியரா வந்த?"

"கோடு போட்ட ஆளுக்கு எப்பமாவது கூச்சம் வரும், அப்பம் ஒழுங்கா வேல சொல்லிக்குடுப்பாருன்னு நெனச்சேன்" என்றபடியே பட்டியலைக் கையில் எடுத்தாள். கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆரம்பித்து, பதிவு எண், மாதம், வருஷம், பாடம் என்று வரிவரியாக இறங்கி, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். எனக்கும் ஏதோ ஒரு ஏழாம் பக்கம் இருக்கும், அதை இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டீ வந்து ஆறியது.

கடைசியில் பட்டியலைக் கீழே வைத்து, மரியாதை குறையாமல் சொன்னாள்:

"நவம்பர்லயும் நாப்பத்தி மூணு, ஏப்ரல்லயும் நாப்பத்தி மூணு. நீங்க சீசன் பாக்காம படிக்காம இருந்திருக்கிய சார்."