சாக்கடை ஓரம் நின்று எடுத்த போட்டோ

இன்று காலை எங்கள் தெருவில் பொங்கி நிற்கும் சாக்கடையைப் பார்க்க மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். மூன்று வாரமாக நான் போனில் புகார் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் வந்தவர்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அந்தச் சாக்கடை கலந்துவிட்டது. அதில் குளித்துக் குளித்து அம்மாவுக்குக் கால் முழுக்கப் புண். இதை எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

அவர் மூடியைத் திறக்கவே இல்லை. தேங்கிய தண்ணீரைச் சுற்றி ப்ளீச்சிங் பவுடரைத் தூவினார்.

"அண்ணா, அடைப்பு எடுக்கலையா?"

"அதுக்கு வண்டி வரணும்மா. வண்டி ஐயப்பன்தாங்கல்ல கீது. கம்ப்ளைன்ட் நீதானே குட்த்தே? இப்படி வந்து நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

எதற்கென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போய் நின்றேன். யார் போட்டோ எடுத்தாலும் சிரித்துவிடுவேன், அது என் பழக்கம். சிரித்துவிட்டேன்.

மத்தியானம் மெசேஜ் வந்தது: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." கீழே ஆதாரமாக என் முகம்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடி சிரிச்சுகினு நிக்கிறே?" என்றாள். அவள் காலைப் பார்த்தேன்.

மறுபடி போன் செய்தேன். எடுத்த அக்கா, "போட்டோல நல்லா சந்தோஷமாத்தானேம்மா நிக்கிறீங்க?" என்று வைத்துவிட்டார்.

அடுத்த முறை போட்டோ எடுக்க யாராவது வந்தால் அழ வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் அழ வராது. உங்களில் யாருக்காவது வருமா? எங்கள் தெருவுக்கு ஒருநாள் வந்து நிற்க முடியுமா?