நாகவேணி நிறுத்தாமல் பாடிய சருக்கம்

என் அண்ணி நாகவேணிக்குத் தீர்த்தஹள்ளி தபால் ஆபீசில் வேலை. ஊருக்கு அவள் காவியம் பாடுகிறவள். மழை விட்டதும் மடத்துக் கூடத்தில் பழைய கன்னடக் காவியம் ஒன்றைத் தினம் ஒரு சருக்கமாக வாசிப்போம். அண்ணி ஒரு பாட்டைப் பாடி நிறுத்துவாள். பக்கத்தில் திம்மப்பையா சார் அர்த்தம் சொல்வார். பாடுகிறவர் நிறுத்தாமல் அர்த்தக்காரர் வாய் திறக்கக் கூடாது. அதுதான் வழக்கம்.

ஒன்பதாம் சருக்கத்தில் போர் முடிந்து, பெண்கள் களத்தில் புருஷன்மாரைத் தேடுவார்கள். எப்போதோ மைசூர் விமர்சகர் ஒருவர், 'இங்கே கவிக்குக் களைப்பு, வெறும் புலம்பல்' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். பாடப்புத்தகத்திலிருந்து அதைத் தூக்கினார்கள். காவியத்தைப் புரட்டியே பார்க்காதவர்கள்கூட, "ஒம்பதா? புலம்பல்" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். திம்மப்பையா சார் கல்லூரியில் கன்னடம் நடத்தியவர். அந்த ஒரு வரியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு கேலி செய்வார். கூடம் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் வாசிப்பை நடத்தும் கமிட்டிக்காரர்கள் அந்தச் சருக்கத்தை ஒரேயடியாக விட்டுவிடத் தீர்மானித்தார்கள். அண்ணி நேரே போய் நின்றாள்.

"ஒரு தடவை பாடறேன். ஜனங்களுக்குப் பிடிக்கலேன்னா நானே இதை மூடி வெச்சுடறேன்."

"பாடும்மா," என்றார் அங்கே உட்கார்ந்திருந்த சார். "ஆனா சீக்கிரம் முடி. கவிக்குக் களைப்போ இல்லையோ, என் இடுப்புக்குக் களைப்பு."

அன்று சாயங்காலம் முதல் பாட்டு முடிந்தது. சார் தொண்டையைச் செருமினார். அண்ணி நிறுத்தவில்லை. அதே பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்து, நிதானமாக மறுபடி பாடினாள். பழைய கன்னடம் தண்ணீராகத் தெளிந்தது. அடுத்த பாட்டுக்குப் போனாள். அதற்கும் நிறுத்தவில்லை. சார் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இன்னிக்கு லீவா?" என்று முன்வரிசையில் ஒருவர் சீண்டினார். பக்கத்திலிருந்தவர், "சும்மா இருய்யா, கேக்கணும்" என்று அதட்டினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணி ஜெயித்துவிட்டாள் என்று.

புருஷனுக்குத் தான் தைத்துக் கொடுத்த இடுப்புக் கச்சையை அடையாளமாக வைத்து, ஒருத்தி பிணம் பிணமாகப் புரட்டிப் பார்க்கிறாள். அவளோடு சருக்கம் முடிகிறது. அண்ணி புத்தகத்தை மூடினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"ஏன் சார்," என்று பின்னாலிருந்து பாக்குத் தோட்டத்துக் கங்கம்மா கேட்டாள். "அந்தக் கச்சை தெச்ச பொண்ணுக்கு ஆளு கெடச்சானா?"

இப்போது சார் பேசலாம். வழக்கமான கேலியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. கவி அதைச் சொல்லவே இல்ல. அவ இன்னும் தேடிட்டுத்தான் இருக்கா."

பிறகு கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் ஒம்பதுதான்யா. பத்து காத்திருக்கட்டும்."