நான்காவது கல்

எழுபத்து மூன்று வயதில் ஆற்றங்கரையில் நிலம் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“இருக்கிறது குவீன்ஸ்டவுன்ல ஒம்பதாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போனா ஒம்பது தடவ நின்னு ஏறி வர்றீங்க. உங்களுக்கு ஆறு கேக்குதா?”

“எட்டுத் தடவை,” என்றேன்.

நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் இருந்தது. கூழாங்கல் மேல் ஓடும் தெளிந்த ஆறு. கெலா என்கிற பெரிய செதில் மீன் அதில் உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது. இங்கே சிங்கப்பூர் நீர்த்தேக்கத்தில், ‘இதற்குள் மட்டும் தூண்டில் போடலாம்’ என்ற இரண்டு அறிவிப்புப் பலகைகளுக்கு நடுவே, பதினோரு வருடம் நின்றிருக்கிறேன். நாற்பத்தாறு மீன். எல்லாவற்றையும் தண்ணீரிலேயே விட்டேன். சொந்தக் கரையில் உட்கார்ந்து ஒரு தூண்டில் போட வேண்டும், முட்டி மடங்கும்போதே போட வேண்டும். இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்றார் மருத்துவர். நான் ஒன்றரை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சிக்கல். நான் சிங்கப்பூர்க் குடிமகன். அந்த மாதிரி விவசாய நிலத்தை என் பெயருக்கு வாங்க முடியாது. மனைவி ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடமாகியும் மலேசியக் குடியுரிமையை விடவில்லை. மாற்றிக்கொள் என்று எத்தனை முறை நச்சரித்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை. நல்லவேளை, அவள் கேட்கவில்லை. ஆனால் இப்போது கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும்.

தரகர் ஜொகூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூருக்கு, தேக்கா சந்தைக்கு வருவார். சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், இரண்டு தேநீருக்கு நடுவே வரைபடத்தை விரித்தார். நான்கு மூலை, நான்கு எல்லைக் கல். நான் நான்கு தடவை போய்ப் பார்த்தேன். நான்கு தடவையும் கிடைத்தது மூன்று கல்தான். பாதையோரம் இரண்டு, ஆற்றோரம் மூங்கில் புதரடியில் ஒன்று. ஆற்றோரத்து இன்னொரு கல்லைக் காணவில்லை.

“லாலான் புல்லுக்குள்ள கெடக்கும்ணே,” என்றார் தரகர். “கல்லு எங்க ஓடிப்போவும்? அதுக்குக் கால் இருக்கா?”

குச்சியால் புல்லை விலக்கி, இந்தப் பக்கம் நாற்பது அடி, அந்தப் பக்கம் நாற்பது அடி எடுத்து வைத்துத் தேடினேன். தண்ணீருக்குள் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுபது வருடமாக நான் பார்த்த ஆறெல்லாம் இரண்டு சிமெண்ட் சுவருக்கு நடுவே ஓடியவை. விட்ட இடத்திலேயே இருந்தன.

ஐந்தாவது தடவை மனைவியும் கிளம்பினாள். “கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவ பாத்துடுறேன்.”

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை எழுபது நிமிடம். முட்டி அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டது. தரகர் தன் காரில் அழைத்துப்போனார். நிலத்தில் இறங்கியதும் மனைவி என்னைப் போலத் தரையைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, கிளையில் சிக்கிக் காய்ந்திருந்த வைக்கோல் மாதிரியான புல்லைப் பார்த்தாள். கரையோர மரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். காலால் துழாவினாள்.

“என்னங்க, இங்க வாங்க. உங்க கல்லு.”

முழங்கால் ஆழத்தில் தலையில் சிவப்புச் சாயத்தோடு நின்றது. கரையிலிருந்து பதினோரு அடி.

“அம்மா, அது பழைய கல்லு லா,” என்றார் தரகர்.

“கல்லு ஓடாதுன்னு சொன்னீங்களாமே, தம்பி. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அது அங்கேயேதான் நிக்குது. ஆறுதான் நடந்து வந்திருக்கு.”

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு அடி போயிருக்கிறது என்றால் மிச்சம் எவ்வளவு என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஆனாலும் விட மனமில்லை.

“எனக்கு ஆறு வேணும்,” என்றேன்.

“ஆறு வேணும்னா சரி. ஆத்துக்குள்ள வேணாம். அந்தக் கெளையில காஞ்சு தொங்குற புல்லப் பாருங்க, வெள்ளம் அவ்வளவு ஒசரம் வருது.” பாதைக்கு அந்தப் பக்கம், ரம்புத்தான் மரங்கள் நின்ற மேட்டைக் காட்டினாள். “அது யாருது?”

“அதே ஓனருதான்மா. ஆனா அது ஆத்தோரம் இல்லியே. யாரும் கேக்க மாட்டாங்க.”

“நாங்க கேக்குறோம்.”

திரும்பும் பேருந்தில் வழியெல்லாம் வாதாடினேன். மேட்டிலிருந்து இறங்க வேண்டும், ஏற வேண்டும், என் முட்டி என்ன ஆவது என்றேன். “எறங்குறப்ப நான் கையப் புடிச்சுக்கிறேன்,” என்றாள். “ஏறுறப்ப நீங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டே வாங்க. வலி தெரியாது.”

மேட்டு நிலத்துக்கு நான்கு கல். நான்கையும் தொட்டுப் பார்த்து, திரும்ப ஒரு சுற்று வந்து மறுபடி தொட்ட பிறகுதான் அவளைக் கையெழுத்துப் போட விட்டேன்.

இப்போது மேட்டில் நாங்கள் போட்ட குடிசையின் படியிலிருந்து தண்ணீருக்கு நூற்று முப்பத்திரண்டு அடி. இறங்கும்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன், ஏறும்போது ஐந்து. கரையில் ஒரு சிவப்புக் குச்சி நட்டிருக்கிறேன். முதல் மாதம் குச்சியிலிருந்து தண்ணீர் ஒன்பது அடி. இப்போது எட்டு. மனைவியிடம் சொன்னேன்.

“வரட்டும்,” என்றாள், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்களுக்கு நடை மிச்சம்.”

இதுவரை கெலா அவளுக்கு மூன்று, எனக்கு ஒன்று.