அட்டையில் குரங்கா, உள்ளானா?

ஒருவர் முழுதாக உங்கள் உள்ளங்கையில் அடங்குவார். இன்னொருவருக்குக் காலே ஒரு சாண் நீளம். இருவரையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் அரைக் கிலோ வராது. யார் இவர்கள்? சிறுவர் இதழில் எழுதுகிற எங்களுக்கெல்லாம் இப்படிப் புதிர் போட்டே காலம் ஓடுகிறது. விடை: தென் அமெரிக்கக் காட்டிலுள்ள குள்ள மார்மோசெட் குரங்கும், நம் மரக்காணம் உப்பளத்தில் நடைபோடும் பவளக்கால் உள்ளான் பறவையும்.

ஒரு படத்துக்குத்தான் இடம்

இருவரையும் ஒப்பிட்டு எழுதி, விழுப்புரத்தில் எங்கள் இதழை வடிவமைக்கும் சேகரிடம் கொடுத்தேன். அட்டை மட்டும்தான் வண்ணம்; அதில் ஒரு படம்தான் போகும். மற்றது உள்ளே கறுப்பு வெள்ளையில். எனக்கு உள்ளான்தான் அட்டைக்கு வரவேண்டும். அந்தச் சிவப்புக் காலைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் என்ன மிச்சம்? சேகர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார், குரங்குன்னா புள்ளைங்க வெட்டி செவுத்துல ஒட்டிக்கும். இதப் பாத்தா கொக்குன்னு தாண்டிப் போய்க்கினே இருக்கும்."

அப்பாவின் முதுகு

இந்த மாதிரி இழுபறி வந்தால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்குப் போய், எழுதியதை வாசித்துவிட்டுக் கை தூக்கச் சொல்வோம். அதிகக் கை எதற்கோ அதுவே அட்டை.

வாசித்தேன். குரங்கு மரப்பட்டையைக் கடித்து ஓட்டை போட்டுப் பிசினை நக்கும். உள்ளான் சேற்றில் பூச்சி பொறுக்கும். குரங்கு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அப்பா முதுகில் சுமந்து திரியும். பின்னால் நின்ற வகுப்பு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "இத எங்க வீட்டுக்காரருக்கு ஒரு காப்பி அனுப்புங்க சார்."

முட்டை இருக்கும் இடம்

உள்ளான் புதருக்குள் ஒளித்து நான்கு முட்டையிடும் என்று வாசித்ததும் உஷா என்ற மாணவி எழுந்தாள். அவள் அப்பாவுக்கு மரக்காணத்தில் உப்பள வேலை. இவள் இங்கே மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். "அது புதர்ல போடாது சார். வெட்டவெளியில, வரப்பு மேலதான் போடும். எங்கப்பா மிதிக்காம சுத்திக்கினு போவாரு. வெயில் ஏறிச்சின்னா வயித்த நனைச்சிக்கினு வந்து முட்டை மேல குந்தும்."

வேறொரு பறவையின் குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டிருந்தேன். அங்கேயே பேனாவால் அடித்துத் திருத்தினேன். பிறகு கை தூக்கினார்கள். குரங்குக்குப் பதினேழு, உள்ளானுக்குப் பதினேழு. உஷா மட்டும் இன்னும் தூக்கவில்லை. அட்டை உள்ளானுக்குத்தான் என்று நிம்மதியாகப் பேனாவை மூடினேன்.

"உள்ளான லீவுக்கு ஊருக்குப் போனா நேர்லயே பாத்துக்குவேன் சார்" என்று சொல்லி, உஷா குரங்கைத் தேர்ந்தெடுத்தாள்.