பலகை பிடித்த அக்கா

தங்கை மேல் பொறாமை உண்டா என்று யாராவது கேட்டால், "ச்சே, எனக்கென்ன பொறாமை" என்று பெரியவள் உடனே சொல்லிவிடுவாள். அந்த உடனேயில்தான் விஷயம் இருந்தது. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம்.

வீட்டில் பெண்கள் இருவர். மூத்தவள் பெரியவள், இளையவள் வாலு. அப்பா ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுநர். விடிவதற்குள் கடைகளுக்குச் சரக்குப் போடப் போகிற வழியில் நீச்சல் குளம் இருந்தது. பெண்கள் நீச்சல்காரிகளானதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேனில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை பெரியவளுடையது. மூன்று வயது இளையவளான வாலு பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, தலையெல்லாம் மாவோடு இறங்குவாள். உலகத்தில் நீதி என்று ஒன்று இருக்கிறது என்று பெரியவள் நம்பிய காலம் அது.

நெடுந்தூர ஃப்ரீஸ்டைல் ஒரு தனி ரகம். குறுந்தூரக்காரர்கள் குதிப்பார்கள், கூட்டம் கத்தும், கத்தி முடிப்பதற்குள் போட்டி முடிந்துவிடும். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் நீந்துகிறவள் குளத்தின் நீளத்தை முப்பது முறை கடக்க வேண்டும். பார்க்க வந்தவர் நடுவில் எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்; வந்து பார்த்தால் அதே தலைகள் அதே தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும். இதற்குத் திறமை வேண்டும்தான். அதைவிட, அலுப்பைச் சகித்துக்கொள்ளும் மனசு வேண்டும். பெரியவளிடம் அது தாராளமாக இருந்தது. பத்தொன்பது வயதில், நானூறு, எண்ணூறு மீட்டர்களைத் தொடர்ந்து அந்தத் தூரத்திலும் தேசியச் சாதனை அவள் பெயருக்கு வந்தது. அடுத்த ஆண்டு வலது தோள் கையை விரித்துவிட்டது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நீந்தலாம்மா, ஜாலியா நீந்தலாம்" என்றார். ஜாலியாக நீந்துவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேனின் முன் இருக்கை கை மாறியது. "பின்னாடி குலுங்கும்மா, அவ தோள் முக்கியம்" என்றார் அப்பா, கெட்டுப்போன தோளின் சொந்தக்காரியிடமே. அம்மா இருவருக்கும் சமமாகத்தான் முட்டை வைத்தாள். வாலுவுக்கு வைக்கும்போது மட்டும் "இன்னொண்ணு வேணுமாடா கண்ணு?" என்று ஒரு கேள்வி சேர்ந்து வந்தது.

பெரியவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாடிக்கையாளர் மூக்கில் சட்டத்தைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரி செய்யும் வேலை. முகத்துக்கு முகம் அவ்வளவு பக்கத்தில் நின்றால் யாருக்கும் பேசத் தோன்றும்.

"நீங்க அந்த நீச்சல்காரப் பொண்ணு மாதிரியே இருக்கீங்களே?"

"அவதான் என்னை மாதிரி இருக்கா. நான் மூத்தவ."

இப்படிச் சொன்ன அன்றைக்குச் சட்டத்தின் காம்பு கொஞ்சம் இறுக்கமாகவே பொருந்தும் என்று கடை முதலாளி கவனித்து வைத்திருந்தார்.

வாலு வளர்ந்தாள். நானூறு மீட்டரில் அக்காவின் சாதனையை முறியடித்தாள், எண்ணூறிலும் முறியடித்தாள். ஒவ்வொரு முறையும் பெரியவள் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள், வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தாள். அடிப்பாகம் தேய்கிற அளவுக்குத் தேய்த்தாள். மிச்சம் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு ஒன்றுதான். உலகம் முழுவதும் வாலுவின் அக்காவாக இருந்தவள், சாதனைப் பட்டியலின் அந்த ஒரு வரியில் மட்டும் தானாக இருந்தாள்.

இப்படிப்பட்டவள் குளத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டாள் என்றுதான் நினைப்போம். பொறாமைக்காரர்கள் தூர நிற்பார்கள் என்பது தவறான கணிப்பு. அவர்கள் மிக நல்ல இடமாகப் பார்த்துப் பிடிப்பார்கள். பெரியவள் பலகை பிடித்தாள்.

நெடுந்தூரப் போட்டியில் நீந்துகிறவளுக்கு எத்தனை நீளம் முடிந்தது என்பது மறந்துபோகும். அதனால் எதிர் முனையில் அவளுடைய ஆள் ஒருவர் குனிந்து, எண் எழுதிய பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டுவார். விதிப்படி பலகையின் வேலை அவ்வளவுதான். ஆனால் பலகைக்கு ஒரு ரகசிய பாஷையும் உண்டு. ஆட்டினால் 'வேகம் பத்தாது' என்று அர்த்தம். ஆட்டாமல் பிடித்தால் 'போதும், இப்படியே போ'. நடுவர்களும் ஒரு காலத்தில் நீந்தியவர்கள்தான், அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

பெரியவள் எப்போதும் ஆட்டுவாள். வாலு பின்தங்கினாலும் ஆட்டுவாள், எல்லாரையும் விட்டு அரைக் குளம் முன்னால் போனாலும் ஆட்டுவாள். தங்கைக்கு எதுவும் சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு கொள்கைப் பிடிப்பு இருந்தது. அந்தக் கொள்கையால்தான் வாலு பதக்கம் பதக்கமாக வாங்கினாள் என்று பயிற்சியாளர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பாராட்டைப் பெரியவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. ஆயிரத்து ஐந்நூறில் முதலாவதாக வருகிறவளுக்கு இடம் உறுதி. பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொன்னார்.

"ஜெயிச்சா போதும். சாதனை கீதனைன்னு தோளைக் கெடுத்துக்காதே. பெரியவளே, நீயும் கேட்டுக்க. இவ முன்னாடி போயிட்டான்னா பலகைய ஆட்டாதே."

"நான் ஏன் சார் ஆட்டப் போறேன்?" என்றாள் பெரியவள். இவ்வளவு மனமார ஒரு கட்டளைக்கு அவள் கீழ்ப்படிந்ததே கிடையாது.

போட்டி தொடங்கியது. பத்தாவது நீளத்துக்குள்ளேயே மற்றவர்கள் பின்னால் போய்விட்டார்கள். இனி வாலுவுக்கு எதிரி தண்ணீரில் இல்லை. பெரியவளின் கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. தன் சாதனை நாளில் ஒவ்வொரு திருப்பத்தையும் எந்த நேரத்தில் தொட்டாள் என்பது அவளுக்கு மனப்பாடம். அம்மாவின் பிறந்தநாள்தான் அடிக்கடி மறந்துபோகும். தங்கை அந்த நேரங்களுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தாள். பாதித் தூரம் தாண்டியதும் அந்தக் கொஞ்சமும் குறைந்தது. பிறகு இரண்டும் சமமாயின.

நாலு ஆட்டு ஆட்டினால் பழைய சாதனை தீர்ந்தது. வாலுவின் கையில் இன்னும் மிச்சம் இருப்பது தண்ணீருக்கு மேலேயே தெரிந்தது. பெரியவள் குனிந்தாள், பலகையை இறக்கினாள், அசைக்காமல் பிடித்தாள். சார் சொல்லியிருக்கிறாரே. தோள் முக்கியமாயிற்றே. நியாயங்கள் வரிசையாக வந்து பக்கத்தில் நின்றன. மனசாட்சி இவ்வளவு ஒத்தாசையாக இருப்பதைப் பார்த்து அவளுக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

வாலு திரும்பினாள். வேகம் கூடியது.

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த முறை பலகையை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள், மணிக்கட்டு வலித்தது. வாலு இன்னும் வேகமாகப் போனாள். அதற்கடுத்த முறை சிமெண்டில் நட்டதுபோலப் பிடித்தாள். வாலு பேய் துரத்துவதுபோலப் போனாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. வழக்கமாகக் காபிக்குப் போகிறவர்கள்கூட அன்று போகவில்லை. கடைசிச் சுவரைத் தொட்டபோது அக்காவின் சாதனை போயிருந்தது; நூலிழையில் இல்லை, தாராளமாகவே போயிருந்தது.

உடைமாற்றும் அறையில் வாலு துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் மல்லாந்து கிடந்தாள். பெரியவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எதுக்குடி அந்த ஓட்டம்? ஜெயிச்சா போதும்னு சார் சொன்னாரா இல்லையா?"

"நீதானேக்கா போகச் சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்? பலகைய ஒரு ஆட்டு ஆட்டினேனா?"

"அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷமா நான் எப்படிப் போனாலும் நாய் வால் மாதிரி ஆட்டிக்கிட்டே இருப்ப. இன்னைக்குத் திடீர்னு கல்லு மாதிரி பிடிச்ச. சரி, அக்காவுக்கு வயிறு எரியுது, ரெக்கார்டு கிட்ட வந்துட்டோம்னு புரிஞ்சுபோச்சு. நீ கெட்டியா பிடிக்கப் பிடிக்க எனக்குக் குஷி."

பெரியவள் கழுத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள்.

"ஆட்டியிருந்தா?" என்று கேட்டாள்.

"வழக்கமா ஆட்டறதுதானேன்னு மெதுவா போயிருப்பேன். சார் பேச்சைக் கேக்கற பொண்ணு இல்லையா நான்?"

"நீயா? அடிப்பாவி."

வாலு சிரித்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டால் இன்றைக்கும் வரவில்லை என்றுதான் சொல்வாள். ஆனால் குனிந்து, தங்கையின் வலது தோளை அமுக்கிவிடத் தொடங்கினாள். கொஞ்சம் வலிக்கிற மாதிரிதான் அமுக்கினாள்.

மறு வாரம் உள்ளூர்க் குளத்தில் காவலாளி ஏணி போட்டு ஏறினார். அங்கே சுவரில் குளத்துப் பிள்ளைகளின் சாதனைகளை எழுதி வைப்பது வழக்கம். எழுதுவதும் அழிப்பதும் அவர் பொறுப்பு. அக்காவும் தங்கையும் கீழே நின்று பார்த்தார்கள். அவர் பெரியவளின் பெயர் மேல் வெள்ளைச் சாயத்தை ஒரு பூச்சு இழுத்தார். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தார். சாயத்துக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"இவ்வளவு போதும்ணே" என்றாள் பெரியவள். "இதுக்கு மேல எழுதிடுங்க. எதுக்குச் சாயத்தை வீணடிக்கணும்?"

வாலு தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிறுமியாக இருந்தபோது தினமும் காலையில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டேதான் குளத்தில் இறங்கியிருக்கிறாள்.

"இல்லண்ணே, இன்னொரு பூச்சு அடிங்க" என்றாள். "இன்னும் தெரியுது."

பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா கெட்டியாவே அடிங்கண்ணே" என்றாள். "பாவம், இவளுக்கும் ரொம்ப நாளா எரியுது போல."