பொட்டலத்துக்குள் போன சாவி

ரேணுகாதேவிக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார வராது. புளி உடைக்க உட்கார்ந்தாலும் பாதிக் கூடையில் எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்று அம்மா மங்கம்மாள் சொல்வதில் தப்பே இல்லை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பென் டிரைவ் விற்கிறாள் என்பார் ஒருவர், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. முன்பு வேலூரில் ஒரு கம்பெனிக்காக நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிற ஆபீஸிலெல்லாம் ஒரே வம்பு. அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். ஆனால் லைன் எங்கே அறுந்தது என்று மட்டும் உடனே சொல்லியாக வேண்டும். உலகத்தில் யார் யாரோ எழுதி, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாகத் தந்திருந்த நெட்வொர்க் கருவிகளை எடுத்து, பென் டிரைவிலிருந்தே ஓடும்படி அவள் மாற்றிக் கட்ட ஆரம்பித்தது அப்போதுதான். செருக வேண்டும், வேலையை முடிக்க வேண்டும், பிடுங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு தூசி தங்காது. செட்டிங் எல்லாம் கருவியின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும்.

வேலையை விட்டு மலைக்குத் திரும்பிய பிறகும் அதை மட்டும் அவள் விடவில்லை. கட்டியதைத் தன் இணையதளத்தில் போடுவாள், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்வார்கள். செங்கத்தில் பல ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஷோபனாதான் முதலில் நம்பிச் செருகியவள், கல்லூரித் தோழி. இப்போது முகம் தெரியாத எத்தனையோ பேர் செருகுகிறார்கள். அந்த நம்பிக்கையையும் சில புளியமரங்களையும் தவிர ரேணுகாதேவிக்கு வேறு சொத்து கிடையாது.

அந்த நம்பிக்கையில்தான் கை வைத்துவிட்டாள். அது மலையில் இருப்பவர்களுக்கே வரக்கூடிய தப்பு. இங்கே சிக்னல் தண்ணீர் லாரி மாதிரி, வந்தபோது பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபைல் அனுப்பும் கருவி ஒன்றின் புதுப் பதிப்பை ஒரு நாள் மாலை கட்டி முடித்தாள். சோதிப்பதற்கென்று தனியாக சிக்னலைச் செலவழிப்பானேன் என்று, அதைக்கொண்டே வேறு சில ஃபைல்களைத் தன் தளத்துக்கு ஏற்றினாள். சோதனையும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. அந்தச் சந்தோஷத்தில், காற்று வேறு கிளம்பிவிட்ட அவசரத்தில், சுத்தமான பிரதியை எடுக்காமல் சோதித்த ஃபோல்டரையே ஜிப் பொட்டலமாகக் கட்டித் தளத்தில் போட்டுவிட்டாள். உடனே கரண்ட் போயிற்று. பின்னாலேயே டவரும் போயிற்று.

மறுநாள் காலை புளி உடைத்துக்கொண்டிருந்தபோது மங்கம்மாள் அவள் கூடையைக் கிளறினாள்.

"இன்னாடி இது, கொட்டைய உள்ளயே வுட்டுட்டிருக்க. கவனம் எங்க கீது?"

ரேணுகாதேவியின் கை நின்றது. கருவி தன் செட்டிங்கை எங்கே வைக்கும்? தன் ஃபோல்டருக்குள். தளத்தைத் திறக்கும் சாவி ஃபைல்? அதே ஃபோல்டருக்குள். அந்தச் சாவிக்கு ஒரு பாஸ்வேர்டுகூடக் கிடையாது; அதைத் தட்டுவதற்குள் சிக்னல் போய்விடுகிறது என்று அவளே எடுத்துவிட்டிருந்தாள். ஜிப்பை இறக்கிய எவரும் இனி அவள் தளத்துக்குள் நுழைந்து, அவள் கருவிகளை எடுத்துவிட்டு விஷத்தை வைக்கலாம். அது அவள் பெயரிலேயே ஆபீஸ் ஆபீஸாகப் போகும்.

லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். டிரைவர் வடிவேலு சீட்டில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வண்டிய எடுங்க. சிக்னல் கெடைக்கிற எடம் வரிக்கும் போனா போதும்."

"எடுக்கலாம்மா. ஆளு வரட்டும்."

"நான் ஆளு இல்லையா?"

"நீ ஒரு ஆளு. ஜீப்புக்குப் பத்தாது இல்ல."

நிரம்பாமல் ஜீப் மலை இறங்காது, அது இந்த ஊர்ச் சட்டம். காத்திருக்க அவளுக்கு எங்கே பொறுமை? தானே ஆள் பிடிக்கக் கிளம்பினாள். நாளைக்குப் போகலாம் என்றிருந்தவர்களை நச்சரித்து இன்றைக்கே கிளப்பினாள். சின்னக்குழந்தை என்று பெயர் வைத்துக்கொண்ட பெரிய உடம்புக்காரியின் பலாப்பழங்களைத் தன் தலையிலேயே சுமந்து வந்து ஏற்றினாள்.

"இன்னாத்துக்குடி இந்த ஓட்டம்? யாருக்கு முடியல?" என்றாள் சின்னக்குழந்தை.

"எனக்குத்தான் அத்த."

ஒவ்வொரு வளைவிலும் போனை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தாள். பாதி மலை இறங்கியதும் அது நடுங்கியது. வந்து விழுந்ததெல்லாம் ஷோபனாவின் தவறிய அழைப்புகள். புதுப் பதிப்பு நன்றாக ஓடுகிறது என்று பாராட்டத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தபோதே உடம்பு கூசியது.

வண்டியை நிறுத்தச் சொல்லிப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பழைய சாவி செல்லாதபடி செய்தாள். கெட்ட ஜிப்பை நீக்கினாள். தளத்தில் இருந்த ஒவ்வொரு கருவியையும் தன்னிடம் இருந்த அசலோடு ஒப்பிட்டாள். எதுவும் மாறவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. கடைசியாக, யார் உள்ளே வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தாள். காலையில் யாரோ அந்தச் சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார்கள். எதையும் தொடாமல் வந்த வழியே போயிருக்கிறார்கள். ஆள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை.

நல்ல ஜிப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம். சாவிதான் செத்துவிட்டதே, யாருக்கும் நஷ்டமில்லை. அவள் பெயரும் கெடாது. உண்மையைச் சொன்னால், அந்த யோசனை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். எழுந்தாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள். பிறகு நின்றுகொண்டே, கையில் ஏந்திய லேப்டாப்பில், தளத்தின் முகப்பில் எழுதினாள்: 'என் சாவியைப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டிவிட்டேன். அதைக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து போயிருக்கிறார். இப்போது சாவியை மாற்றிவிட்டேன். நேற்று மாலைக்குப் பிறகு இறக்கியதை அழித்துவிடுங்கள். தப்பு என்னுடையது. ரேணுகாதேவி, புதூர்நாடு.'

அதன் பிறகுதான் ஷோபனாவைக் கூப்பிட்டாள்.

"தளத்துல ஒண்ணு எழுதியிருக்கேன். படிச்சியா?"

"இப்பதான் படிச்சேன்." ஷோபனாவின் குரலில் சிரிப்பில்லை. "சாவியத்தான் மாத்திட்டியே. கம்முனு இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"உள்ள வந்து போனவங்களுக்குத் தெரியும் இல்ல."

"தெரியும்தான். வந்தது நான்தாண்டி."

ரேணுகாதேவி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபோல்டர்ல சாவி கெடந்துச்சு. செல்லுதான்னு போட்டுப் பாத்தேன், தெறந்துக்கிச்சு. உன் வூட்டுல கை வைக்க மனசு வரல. எத்தினி தடவ போன் போட்டேன் தெரியுமா? அப்பறம், நீ இன்னா பண்றேன்னு பாக்கலாம்னு இருந்துட்டேன்."

"சொல்லாம வுட்டிருந்தா?"

"உன்னோடது எதுவும் என் பென் டிரைவ்ல இருந்திருக்காது."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப இருக்குதா?"

"நேத்து வந்தத அழிச்சிட்டேன். மத்தது இருக்குது. புதுசா கட்டிக் குடு. ஆனா இனிமே பிரிச்சுப் பாத்துட்டுதான் செருகுவேன் ரேணு."

இத்தனை வருஷமாக ஷோபனா ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

"பிரிச்சுப் பாரு," என்றாள் ரேணுகாதேவி.

வடிவேலு எட்டிப் பார்த்தார். "ஏறும்மா. கீழ போய்ட்டு வர்றப்ப உன்ன வுட்டுர்றேன்."

"இல்லண்ணா, நீங்க போங்க."

கீழேபோய் இன்னொரு முறை ஜீப் நிரம்பும்வரை உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி நடக்க ஆரம்பித்தாள்.